மவுண்ட் ரோட்டில் நடக்கலாமா? ஒரு ஸ்டேஷன் தூரத்துக்கு நடக்கலாம்

சென்னைக்கு வருபவர்களை மெரினாவுக்கு அனுப்புவோம், மயிலாப்பூருக்கு அனுப்புவோம், தி.நகருக்கு அவர்களே போய்விடுவார்கள். மவுண்ட் ரோட்டை யாரும் பார்க்கிற இடமாகச் சொல்வதில்லை, அது கடந்து போகிற இடம். 1969-க்குப் பிறகு அண்ணா சாலை என்று பெயர் மாறியும் பஸ் கண்டக்டரில் ஆரம்பித்து பிரியாணிக் கடை போர்டு வரை பாதிப் பேர் இன்னும் மவுண்ட் ரோடு என்றுதான் சொல்கிறார்கள், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

என் சிபாரிசு எளிது. எல்.ஐ.சி. மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி அரசினர் தோட்டம் ஸ்டேஷன் வரை நடங்கள். ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம்தான். மொத்தச் சாலையையும் கிண்டி வரை நடப்பேன் என்று கிளம்பினால் தேனாம்பேட்டை தாண்டுவதற்குள் புகையும் வெயிலும் வெறுத்துப்போகும், பார்ப்பதற்கும் கண்ணாடி போட்ட ஆபீஸ்களும் கார் ஷோரூம்களும் தவிர அதிகம் இல்லை. பழைய கடை முகப்புகள் கூட்டமாக இருப்பது இந்தச் சின்னத் துண்டில்தான்.

ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறி வந்தால் எல்.ஐ.சி. கட்டடம். 1959-இல் திறந்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம் அது, பட்டணத்துக்கு வருகிற சினிமா கதாநாயகன் சென்ட்ரலில் இறங்கிய அடுத்த ஷாட்டில் அண்ணாந்து பார்த்தது இதைத்தான். இன்று அதைவிட உயரமான அடுக்குமாடிகள் ஊர் எல்லையில் வரிசையாக நிற்கின்றன, ஆனாலும் ஆட்டோக்காரரிடம் வழி சொல்ல அவை எதுவும் உதவாது.

அப்புறம் ஹிக்கின்பாதம்ஸ். இந்த நடைக்கு ஐந்து நட்சத்திரம் என்றால் அதில் மூன்று இந்த ஒரு கடைக்குத்தான் போகும். 1844-இல் தொடங்கிய புத்தகக் கடை, இந்தியாவில் இன்றும் நடக்கிற புத்தகக் கடைகளில் மிகப் பழையது. இப்போதுள்ள வெள்ளைக் கட்டடம் 1904-இல் வந்தது. உள்ளே நுழைந்ததும் தலை தானாக மேலே போகும், அவ்வளவு உயரக் கூரை. காற்றும் வெளிச்சமும் மேலிருந்து வருகிற மாதிரி, மின்விசிறியை நம்பாத காலத்தில் கட்டியது, சித்திரை வெயிலில் உள்ளே போனால் அந்தக் கணக்கு புரியும். கண்ணாடியில் வண்ணம், தரையில் கறுப்பு வெள்ளைக் கல். எங்கள் தலைமுறைக்கு ஹிக்கின்பாதம்ஸ் என்றால் முதலில் ரயில்வே பிளாட்பார ஸ்டால்தான், ரயில் கிளம்பப் போகிற நேரத்தில் அவசரமாக வாங்கிய வாரப் பத்திரிகை. அந்த ஸ்டாலின் தாய்வீடு இப்படி ஒரு அரண்மனை என்பது பலருக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிகிறது.

ஆனால் எனக்கு இங்கே பிடித்த விஷயம் கட்டடத்தின் வயது அல்ல. இது மியூசியம் ஆகவில்லை. நுழைவுச் சீட்டு இல்லை, கயிறு கட்டி "தொடாதே" என்று எழுதவில்லை. பிள்ளைக்கு கைடு வாங்க வந்த அம்மாவும் போட்டித் தேர்வுப் புத்தகம் தேடுகிற பையனும் அதே பழைய தரையில்தான் நடக்கிறார்கள். இந்தத் தெருவில் எந்தப் பழைய முகப்பு பிழைத்தது, எது பாழாய்ப் போனது என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு விஷயம் பிடிபடும்: உள்ளே தினமும் வியாபாரம் நடக்கிற கட்டடத்துக்குத்தான் வருடா வருடம் சுண்ணாம்பு கிடைக்கிறது.

சந்தேகம் இருந்தால் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பாருங்கள். கூர் கோபுரங்களும் வளைவுகளுமாக இந்தச் சாலையிலேயே அழகான முகப்பு என்று நான் சொல்லுவேன். 1897-இல் டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது, ஆமாம், மருந்துக் கடைக்கு இவ்வளவு பெரிய மாளிகை! பிறகு பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது, காப்பீடு தேசியமயமானதும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. கடைகளும் வாடகைதாரர்களும் காலியான பிறகு 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள், பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடுகிற இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டுத் தடை வாங்கியது, 2010-இல் உயர் நீதிமன்றம் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கச் சொல்லித் தீர்ப்பும் கொடுத்தது. தீர்ப்பு இடிப்பதைத்தான் தடுத்தது. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் சுவரில் செடி முளைத்து, சாலையில் போகிறவர் கண்ணுக்குப் பேய் வீடாகத்தான் நின்றது. சட்டம் சுவரைக் காப்பாற்றலாம், கடைக்குக் கூட்டத்தைக் கூட்டி வர முடியாதே.

பி. ஆர் அண்ட் சன்ஸ் கதை நடுவாந்தரம். மணிக்கூண்டோடு இருக்கிற கடிகாரக் கடை, ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது, 1870களின் கட்டடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை வடிவமைத்த அதே சிஷோம்தான். மெட்ரோ வேலைக்காக இதன் பின்பக்கம் ஒரு பகுதி இடிபட்டு விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. முன்பக்கம் தப்பித்தது. மெட்ரோவில் வந்து இறங்கிப் பார்க்கிற நமக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும், ஆனால் அந்த மெட்ரோ இல்லாவிட்டால் இந்த நடையையே நான் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன். 2019-இல் இந்தத் தடம் திறக்கிற வரை பல வருடம் தகரத் தடுப்புக்கும் ஒருவழிப் பாதைக்கும் நடுவில் இங்கே நடந்தவர்களுக்கு அது தெரியும்.

ஸ்பென்சரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1895-இல் கட்டிய பழைய சிவப்புக் கட்டடம் 1980களின் தொடக்கத்தில் தீயில் போய்விட்டது. அந்த இடத்தில் எழுந்த பிளாசா ஒரு காலத்தில் ஊரின் முதல் பெரிய மால், இப்போது புது மால்கள் அதன் கூட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஏ.சி. வேண்டுமென்றால் உள்ளே ஒரு சுற்று வாருங்கள், முகப்பு பார்க்க வேண்டாம்.

வி.ஜி.பி. கட்டடத்தைத் தவற விடாதீர்கள், ஏனென்றால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளைக்காரத் துரைமார்கள் சட்டை தைத்துக்கொண்ட ஒயிட்அவே லெய்ட்லா கடை அது. பின்னால் விக்டரி ஹவுஸ் என்ற பெயரில் சுதேசமித்திரன் பத்திரிகை ஆபீஸ் ஆனது, அதற்குப் பின்னால் ரேடியோவும் மிக்ஸியும் தவணையில் கொடுத்து நடுத்தர வர்க்கத்தைப் பிடித்த வி.ஜி.பி.யிடம் வந்தது. துரைகளுக்கான கடை, துரைகளை எதிர்த்த பத்திரிகை, மாதத் தவணை. மூன்றும் ஒரே வாசல். இதைச் சொல்லும் ஒரு பலகைகூட நான் பார்த்த வரை அங்கே இல்லை, போன தலைமுறையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மவுண்ட் ரோடு தபால் நிலைய வளாகத்தையும் எட்டிப் பாருங்கள். 1913-இல் வந்த எலக்ட்ரிக் தியேட்டர் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது, ஊரின் முதல் சினிமாக் கொட்டகைகளில் ஒன்று, இப்போது தபால்தலை சேகரிப்பவர்களுக்கான பிரிவு. சாந்தி போய்விட்டது, வெலிங்டன் போய்விட்டது, 1970-இல் வந்த தேவி இன்னும் அதே பெயரில் படம் ஓட்டிக்கொண்டிருக்கிறது. கட்டடம் நிலைத்து சினிமா போன இடமும் உண்டு, சினிமாவோடு சேர்ந்து கட்டடமும் போன இடமும் உண்டு.

சரி, தெரு எப்படி? இங்கேதான் மதிப்பெண் குறைகிறது. நடைபாதை சில இடங்களில் நன்றாக அகலமாக இருக்கிறது, பத்தடி தள்ளி டிரான்ஸ்பார்மரும் பைக்குகளும் மறித்து நம்மைச் சாலையில் இறக்கிவிடும். பழைய முகப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தால் போர்டும் கேபிளும்தான் தெரியும், எதிர்ப்பக்கம் போய் நின்று முதல் மாடிக்கு மேலே பார்க்க வேண்டும், அந்த எதிர்ப்பக்கத்துக்குப் போவதுதான் பெரிய பாடு. அண்ணா சிலை பக்கம் சுரங்கப்பாதை இருக்கிறது, சிக்னல் இருக்கும் இடத்தில் மட்டும் கடங்கள், நடுவில் குதித்துப் போகிறவர்களைப் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு கடை வாசலில் நான் போனை எடுத்ததுமே செக்யூரிட்டி ஓடி வந்து படம் எடுக்கக் கூடாது என்றார், பொதுச் சாலையில் நின்றுதானே எடுக்கிறேன் என்றால் "மேனேஜரைக் கேளுங்க சார்" என்கிறார். முகப்பு என்பதே தெருவுக்குக் காட்டுவதற்குத்தான், அதை யாரிடம் போய்ச் சொல்வது.

தெருவாழ்க்கை பார்க்க வேண்டுமென்றால் அண்ணா சிலை பக்கம் இருக்கிற தர்கா வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். மயிலிறகுக் கட்டால் தலையில் தட்டி ஆசீர்வாதம் செய்வார்கள், பொட்டு வைத்த அம்மாக்களும் ஆபீஸ் பை மாட்டியவர்களும் வரிசையில் நிற்பார்கள், பஸ்ஸில் போகிறவர்கூட உள்ளிருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வார். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ரிச்சி தெரு, சார்ஜர் பின்னிலிருந்து சிசிடிவி வரை பேரம் பேசி வாங்கலாம், கட்டட அழகு பூஜ்யம், உயிர்ப்பு நூற்றுக்கு நூறு. பசித்தால் 1951-இல் தொடங்கிய புஹாரி இருக்கிறது, சிக்கன் 65 தங்கள் அடுப்பில் பிறந்தது என்பது அவர்கள் கூற்று. எனக்கு அந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல ஆசை இல்லை, தட்டு காலியாவதில்தான் அக்கறை.

கால் இன்னும் தாங்கினால் அரசினர் தோட்டத்தோடு நிற்காமல் சிம்சன் வரை போகலாம். 1840-இல் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய கம்பெனி, ஊருக்கு அது பெரியார் சிலை பஸ் நிறுத்தத்தின் அடையாளம். சிம்சன், இன்னொரு பழைய கம்பெனியான அடிசன், ஹிக்கின்பாதம்ஸ் மூன்றும் இன்று அமால்கமேஷன்ஸ் என்ற ஒரே குழுமத்தில் இருப்பவை. வெள்ளைக்காரர் விட்டுப்போன பெயரையும் தொழிலையும் தூக்கிப் போடாமல் வாங்கி நடத்திய ஒரு தமிழ்க் குடும்பம் இல்லாவிட்டால் இந்த நடையில் பார்க்க பாதிகூட மிஞ்சியிருக்காது என்று நினைக்கிறேன். அங்கிருந்து தீவுத்திடல் பக்கம் தள்ளிப் போனால் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையில் பழைய மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ சிலையாக உட்கார்ந்திருப்பார், ஆனால் அது இன்னொரு நாளைக்கு.

வேலை நாள் காலையில் பத்தரைக்கு மேல், அல்லது சனிக்கிழமை போங்கள். ஞாயிறு வண்டி குறைவு என்று ஆசைப்பட்டுப் போகாதீர்கள், ரிச்சி தெரு மூடியிருக்கும், பாதி ஷட்டர் இறங்கியிருக்கும், நான் சொன்ன வியாபாரம் எதையும் பார்க்க முடியாது. பித்தான் போட்ட பை, தண்ணீர், ஒரு தொப்பி. வயதானவர்களோடு போனால் ஹிக்கின்பாதம்ஸ் மட்டும் பார்த்துவிட்டு அதே எல்.ஐ.சி. ஸ்டேஷனில் ஏறிவிடுங்கள்.