2,038 ரூபாயும் இரண்டு மழைக்காலமும்: எங்கள் வீட்டுத் துணி அலமாரி

2023 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. போகிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. காலையிலேயே படுக்கையறை அலமாரியில் இருந்த அத்தனையையும் இழுத்துக் கட்டில்மேல் போட்டேன். அன்று ஆரம்பித்த வேலை இது. இரண்டு வருடமும் இரண்டு மழைக்காலமும் ஓடிவிட்டன. எது நின்றது, எது போனது என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன். அடுக்கி முடித்த அன்றைக்கு எல்லா அலமாரியும் அழகாகத்தான் இருக்கும். அது ஒரு ஐப்பசி, கார்த்திகையைத் தாண்ட வேண்டும்.

எங்களுடையது சென்னை மடிப்பாக்கத்தில் முதல் மாடி வாடகை வீடு. படுக்கையறையில் சுவரோடு கட்டிய அலமாரி ஒன்று: நாலரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், கடப்பா கல் தட்டுகள், பிளைவுட் கதவு, மேலே லாஃப்ட். பின்சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. இந்த ஒரு விஷயத்தை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. இன்னொரு பக்கம் கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த இரும்பு பீரோ. இதற்குள்தான் நான், வீட்டுக்காரர், அப்போது ஏழு வயதான மகள் என மூன்று பேர் துணியும் இருந்தாக வேண்டும். தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டதில், பிளைவுட்டில் புது வார்ட்ரோப் அறுபத்தைந்தாயிரம் ஆகும் என்றார். வாடகை வீட்டில் அதற்கு அர்த்தமே இல்லை. இரண்டாயிரத்துக்குள் முடிப்போம் என்று முடிவு செய்தேன்.

கட்டில்மேல் குவிந்ததை எண்ணிப் பார்த்தேன். எண்ணச் சொல்லித்தான் எல்லோரிடமும் சொல்வேன், ஏனென்றால் மனக்கணக்கு எப்போதும் குறைத்தே சொல்லும். புடவை 64. பத்தாமல் போன ஜாக்கெட் 31. வீட்டுக்காரரின் சட்டை 27, அதில் அவர் மாற்றி மாற்றிப் போடுவது 11. தாம்பூலத்தோடு வந்த பிளவுஸ் பிட் மட்டும் 43. ஜவுளிக்கடைக் கட்டைப்பைகள் ஒரு பெரிய கட்டைப்பைக்குள் திணிக்கப்பட்டு ஒரு தட்டையே பிடித்துக்கொண்டிருந்தன. மூன்றரை அடி உயரமுள்ள நடுப்பகுதியில், அதாவது துணி தொங்கவிட வசதியான ஒரே இடத்தில், இரண்டு சூட்கேஸும் கிரைண்டர் வந்த பெட்டியும் இருந்தன.

கழித்ததைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. பிளவுஸ் பிட்டில் பத்து வைத்துக்கொண்டு மீதியை அந்த வருடக் கொலுவுக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுத்தேன். நைந்த பருத்திப் புடவைகளை அம்மா வாங்கிக்கொண்டார், நாலு மடிப்பு போட்டுத் தைத்தால் நல்ல மெத்தை விரிப்பு. பத்தாத ஜாக்கெட்டுகள் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரிடம் போயின. போகியில் எதையும் கொளுத்தவில்லை. இப்போது வரும் துணியில் பாலியஸ்டர்தான் அதிகம், அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிக்க வேண்டாம்.

வாங்கியது இவ்வளவுதான். நடுப்பகுதிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கர்ட்டன் ராடு, பிராக்கெட்டோடு 340 ரூபாய். வீட்டு ஓனரிடம் அனுமதி கேட்டு, டிரில் போட்டு மாட்டித் தந்தவருக்குக் கூலி 200. பிளாஸ்டிக் ஹேங்கர் இரண்டு டஜன் 240. ஓட்டை வைத்த பிளாஸ்டிக் கூடை எட்டு, பாத்திரக்கடையில் எழுபது ரூபாய் வீதம் 560. முன்பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கும் பின்பக்கம் துணி மாதிரியும் இருக்கும் ஜிப் வைத்த புடவை உறை, பன்னிரண்டு கொண்ட செட் 399. உள்ளாடை, கைக்குட்டைக்காக அறை அறையாகப் பிரித்த மடிப்புப் பெட்டி 299. மொத்தம் 2,038. வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, கீழ்த்தட்டில் படுக்கை விரிப்பு வைக்கவும், பழைய செருப்புப் பெட்டிகளைச் சின்னச் சாமான்களுக்கும் வைத்துக்கொண்டேன். அது செலவில்லாதது என்று சந்தோஷமாக இருந்தது.

முதல் ஆறு மாதம் உண்மையிலேயே நிம்மதி. மகளுடைய துணியைக் கீழிருந்து இரண்டாவது தட்டுக்கு, அவள் கைக்கு எட்டும் உயரத்துக்கு, மாற்றியதுதான் இதில் நான் செய்த மிக நல்ல காரியம். யூனிஃபார்ம் ஒரு கூடை, பெல்ட், டை, சாக்ஸ் ஒரு கூடை, வீட்டு உடுப்பு ஒரு கூடை. காலை ஏழே முக்காலுக்கு “அம்மா, பெல்ட் எங்கே?” என்ற கேள்வி அந்த வாரத்தோடு நின்றது. இரண்டு வருடமாக அந்தத் தட்டை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

துணியை நிற்க வைத்த மாதிரி மடித்து வரிசையாக வைக்கும் முறையையும் முயன்றேன். டி-ஷர்ட், லெக்கிங்ஸ், குழந்தை துணிக்கு அது அருமை, எது எங்கே என்று மேலிருந்தே தெரியும். பருத்திப் புடவைக்கும் கஞ்சி போட்ட வேஷ்டிக்கும் சரிப்படவே இல்லை. ஒன்றை எடுத்தால் பக்கத்தில் இருப்பது சரிந்து குலைகிறது. அவற்றை இஸ்திரி போட்டு வந்த மடிப்போடு ஹேங்கரில் போடுவதுதான் வழி.

ஏழாவது மாதம் ராடு நடுவில் தொய்ந்தது. கணக்குப் போட்டால் ஆச்சரியமில்லை. ஒரு பருத்திப் புடவை அரைக் கிலோ வரும். நாற்பது உருப்படி தொங்கினால் இருபது கிலோ, நாலரை அடி நீளத்தில் நடுவில் தாங்கல் எதுவும் கிடையாது. பின்சுவரிலிருந்து நடுவில் ஒரு பிராக்கெட் போட்டதும் சரியாயிற்று, இன்றுவரை அசையவில்லை. மூன்றடிக்கு மேல் ராடு போடுகிறவர்கள் முதல் நாளே நடுத் தாங்கல் போட்டுவிடுங்கள். ஹேங்கரில் ஏழு, கொக்கி இருக்கும் கழுத்திலேயே முறிந்தன. பழைய இரும்புக் கம்பி ஹேங்கரை வைத்துப் பார்த்ததில் ஒரு வெள்ளைச் சட்டையின் தோளில் துருக் கறை விழுந்துவிட்டது. பிறகு தடித்த ஹேங்கர் ஒரு டஜன், 22 ரூபாய் வீதம் வாங்கினேன். ஒன்றுகூட முறியவில்லை.

அப்புறம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகளில் சென்னையில் கொட்டிய மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மாடியில் இருந்ததால் வீட்டுக்குள் வரவில்லை. மூன்று நாள் கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை, ஜன்னல் திறக்க முடியவில்லை. அலமாரியைப் பற்றி நினைக்க யாருக்கு மனம் வரும்? கீழ்வீட்டுக்காரர்கள் எங்கள் ஹாலில்தான் படுத்திருந்தார்கள். ஆறாம் நாள் மாற்றுத் துணி எடுக்கக் கதவைத் திறந்தபோது ஊறின பிளைவுட் கதவு சட்டத்தில் பிடித்துக்கொண்டது. இழுத்துத் திறந்ததும் பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது.

கீழ்த்தட்டு அட்டைப்பெட்டி கை வைத்ததும் அப்பளம் ஊறினாற்போல் மடிந்தது. செருப்புப் பெட்டியைத் தூக்கினால் வெள்ளி நிறத்தில் ராமபாணப் பூச்சிகள் சிதறி ஓடின. அட்டையில் இருக்கும் பசையும் துணியில் இருக்கும் கஞ்சியும் அவற்றுக்கு உணவு, ஈரம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பெட்டியின் அடியில் இருந்த, கஞ்சி போட்டபடியே மடித்து வைத்த வேஷ்டியில் ஓரமெல்லாம் அரித்திருந்தன. தோல் பெல்ட்டில் பச்சைப் பூஞ்சை. பின்சுவரை ஒட்டி இருந்த துணிகளில் எல்லாம் சாம்பல் நிறப் புள்ளிகள்.

அதையெல்லாம் துவைத்துவிடலாம். அரக்கு நிறப் பட்டுப் புடவையை என்ன செய்வது? பீரோவில் இடமில்லை என்று அதை மட்டும் ஜிப் உறையில் போட்டு மேல்தட்டில் வைத்திருந்தேன். அம்மாவின் சஷ்டியப்த பூர்த்திக்கு எடுத்தது. உறையின் பிளாஸ்டிக் பக்கத்தில் உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. புடவையை விரித்தேன். முந்தானையில் மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும், ஒரு விரல் அகலத்துக்கு, ஜரிகை கறுத்து நேர்க்கோடாக ஓடியது. மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி மின்னியது. ஜரிகையில் வெள்ளி இருக்கிறதல்லவா, ஈரமும் அடைந்த காற்றும் சேர்ந்தால் வெள்ளி விளக்கு கறுப்பது போலவே கறுக்கும்.

அம்மா வந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. “பட்டுக்கும் வேர்க்கும்டி. பிளாஸ்டிக்குல போட்டு மூடினா அது எங்க போகும்? பழைய வேஷ்டியில சுத்தி வை” என்றார். பாட்டி அப்படித்தான் வைத்திருந்தார் என்பது எனக்கும் தெரியும். உறை பார்க்கச் சுத்தமாக இருந்ததால் மறந்துபோனேன்.

நான் அதுவரை இடத்துக்காகத்தான் எல்லாம் செய்திருந்தேன். எவ்வளவு நெருக்கி அடுக்கலாம், எதற்குள் எதை வைக்கலாம் என்பதே யோசனையாக இருந்தது. கடலோர ஊரில், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில், காற்றுக்கு இடம் விட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மழைக்குத் தாக்குப்பிடித்தவை எவை என்று பார்த்தால் எல்லாமே திறந்திருந்தவை: ராடில் தொங்கியது, ஓட்டைக் கூடையில் இருந்தது. கெட்டவை எல்லாம் மூடியவை, இல்லையென்றால் பின்சுவரை ஒட்டி இருந்தவை.

2024 பொங்கலுக்குப் பிறகு, வெயில் ஏறியதும், மறுபடி எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். பின்சுவரையும் கடப்பா தட்டுகளையும் துடைத்து, இரண்டு நாள் கதவைத் திறந்து போட்டுக் காயவிட்டேன். பன்னிரண்டு உறைகளையும் தூக்கிப்போட்டேன். அவற்றில் ஐந்துக்கு ஜிப் ஏற்கெனவே பிய்ந்திருந்தது. அறை பிரித்த பெட்டியும் பூஞ்சை பிடித்துப் போயிற்று. அட்டை ஒன்றுகூட இப்போது உள்ளே கிடையாது. காடா துணி ஐந்து மீட்டர் 350 ரூபாய்க்கு வாங்கி, கஞ்சி போக இருமுறை அலசிக் காயவைத்து, பட்டுப் புடவை ஒவ்வொன்றையும் அதில் சுற்றி பீரோவில் வைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் ஆறவிட்டு, மடிப்பை மாற்றி மடிக்கிறேன். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே முறிந்துவிடும். பட்டுப் புடவையை நேர் வெயிலில் மட்டும் போடாதீர்கள், சாயம் வெளுக்கும்.

தட்டுகளில் பின்சுவருக்கும் கூடைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டேன். ஆழம் குறைந்ததால் கூடை வைக்கும் இடம் கொஞ்சம் போயிற்று. போகட்டும். பீரோவையும் சுவரை விட்டு முன்னால் இழுத்து, காலுக்கடியில் மரக்கட்டை கொடுத்தோம். தினமும் காலையில் வீடு பெருக்கும் நேரத்தில் இரண்டு கதவும் திறந்திருக்கும். குளித்து முடித்ததும் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் அரை மணி ஓடும். நீண்ட நாள் எடுக்காத வேஷ்டியைக் கஞ்சி போடாமல் துவைத்தே வைக்கிறேன், வேண்டிய அன்று கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

அந்துருண்டையை அடியோடு நிறுத்திவிட்டேன். அது பூச்சிக்குத்தான், ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் ஒன்றும் செய்யாது. தவிர, ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைப் போட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். பரணிலிருந்து பழைய குழந்தைத் துணியை எடுத்து அப்படியே போட்டுவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். கற்பூரத்தையும் அந்துருண்டையையும் ஒன்றாகப் போட்டால் நம் ஊர் வெப்பத்தில் இரண்டும் சேர்ந்து இளகித் துணியில் கறை விழும். எங்கள் வீட்டில் இப்போது வசம்பும் நிழலில் காய்ந்த வேப்பிலையும் சின்னத் துணி முடிச்சுகளாகத் தொங்குகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

2024 நவம்பரில் ஈரம் உறிஞ்சும் டப்பா மூன்று, 140 ரூபாய் வீதம் வாங்கி வைத்தேன். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகச் சேர்க்கும். மூன்று வாரத்தில் முக்கால் டப்பா தண்ணீர் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்தபோதுதான் எவ்வளவு ஈரத்தோடு குடித்தனம் செய்கிறோம் என்று புரிந்தது. நிமிர்த்தியே வைக்க வேண்டும், கவிழ்ந்தால் அந்தத் தண்ணீர் துணியைக் கெடுக்கும். அதனால் கீழ்த்தட்டின் மூலையில், மகள் கை படாத பக்கம். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களை இவ்வளவு பெரிய அலமாரியில் போட்டுப் பயனில்லை, நகைப் பெட்டிக்கு நல்லது.

நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தது. இங்கே மழை விட்ட மறுநாளே கதவைத் திறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு துணியாகத் தடவிப் பார்த்தேன். வாடை இல்லை, புள்ளி இல்லை. பீரோவின் முதுகுப் பக்கம் மட்டும் லேசாகப் பூத்திருந்தது, துடைத்தேன்.

பின்னால் சேர்ந்த செலவு: நடு பிராக்கெட் 40, ஹேங்கர் 264, காடா 350, டப்பா 420. ஆக இரண்டு வருடத்தில் 3,112 ரூபாய். இதில் உறைக்கும் அறை பிரித்த பெட்டிக்கும் போன 698 வீண். கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் ராடு, கூலி, மூன்று கூடை, மூன்று மீட்டர் காடா, இவை போதும். மீதியை மழைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

லாஃப்ட் இன்னும் பாக்கி. சூட்கேஸும் கட்டைப்பைகளும் அங்கேதான் ஏறியிருக்கின்றன, சித்திரை வெயிலில் இறக்க வேண்டும். அரக்குப் புடவையை இந்த மாதம் மாற்றி மடித்தேன். கறுத்த கோடு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் பரவவில்லை. அம்மா போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போனார், அந்தக் கோடு உள்மடிப்பில் போகும்படி முந்தானையை மடித்துப் பின் குத்திவிட்டேன்.