அமிர்தி ஓடைக்கு எது பொருத்தம்: ஈரத்தின் மேல் ஈரமா, அடுக்கடுக்கா?

ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி ஓடையை 16×20 அங்குல கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் தீட்ட இரண்டு வழிகள். ஈரம் காயும் முன் ஒரே அமர்வில் முடிப்பது ஒன்று. வெட் ஆன் வெட் என்பார்கள். ஓர் அடுக்கு காய்ந்தபின் அடுத்ததை ஏற்றுவது மற்றது.

வானத்துக்கும் தூரத்து மலைக்கும் ஈர முறைதான். ஆளிவிதை எண்ணெயில் இளக்கிய வெள்ளையை முதலில் மெல்லத் தேய்த்துவிடுங்கள். விரல் வைத்தால் ரேகை ஒட்டுகிற அளவு போதும். மிஞ்சினால் மேலே வைக்கும் வண்ணம் வழுக்கும். அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை, துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) கலந்து மலையை வைத்து, அடிப்பகுதியை உலர்ந்த தூரிகையால் தட்டினால் காலைப் பனிமூட்டம் வந்துவிடும். பனிச்சிகரம் மட்டும் வேண்டாம். நம் மலைக்கு உருண்ட பாறையும் முட்புதரும்தான் அழகு.

ஓடையில்தான் இந்த முறை திணறுகிறது. ஆழமான மடு என்றால் சரி: கருநிறத்தை மேலிருந்து கீழே இழுத்து, குறுக்கே ஒருமுறை வருடினால் பிரதிபலிப்பு கிடைக்கும். ஆனால் மழை ஓய்ந்தபின் கணுக்காலளவு ஓடும் நீரில் அடிக்கற்கள் தெரிய வேண்டுமே! கல்லின் காவியும் நீரின் நீலமும் ஈரத்தில் சந்தித்தால் சேறுதான். தூரிகையால் திருத்தப் போனால் இன்னும் பரவும். கத்தியால் வழித்தெடுத்துவிட்டு மறுபடி வைப்பதே வழி.

அடுக்கு முறையில், டர்பன்டைன் என்ற கரைப்பானில் நீர்த்த பர்ன்ட் அம்பரால் (கரும்பழுப்பு) கற்களையும் நிழல்களையும் முதலில் போடுங்கள். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் வேலூர் வெயிலில் ஓரிரு நாளில் காயும். அடுத்து, டியூபிலிருந்து எடுத்த வண்ணத்தாலேயே கற்களின் வெளிச்சப் பக்கம். டைட்டானியம் வெள்ளை கலந்த இடங்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள். பிறகு சாப் கிரீனும் (இலைப்பச்சை) ரா சியன்னாவும் (மஞ்சள் பழுப்பு) ஆளிவிதை எண்ணெயில் கலந்து, கல் தெரியும்படி மெல்லிய பூச்சு. அது காய்ந்ததும், நீர் கல்லில் மோதி உடையும் இடத்தில் மட்டும் வெள்ளை நுரை. அந்த வெள்ளையை டர்பன்டைனில் நீர்க்காதீர்கள். மேலடுக்கில் எண்ணெய் குறைந்தால் அது முந்திக் காய்ந்து இறுகும். கீழடுக்கு அசையும்போது மேலடுக்கு வெடிக்கும்.

காய வைக்கிறேன் என்று படத்தை அலமாரியில் பூட்டாதீர்கள். எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, ஆக்ஸிஜனை இழுத்து இறுகுகிறது, காற்றோட்டம் வேண்டும்.

எங்கள் தேர்வு கலப்புதான்: மலையும் வானமும் முதல் நாளே ஈரத்தில், ஓடை அடுக்கில். அவசரமாகப் பரிசளிக்க வேண்டுமானால் ஓடையை மடுவாக்கி, முழுப்படத்தையும் ஈர முறையில் முடிக்கலாம்.

எதைச் செய்தாலும், எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.