ஃபைபரா, 4ஜி ரவுட்டரா: எங்கள் வீட்டுக்கு எது?

இணையம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்)?" என்றுதான். இரவு எட்டு மணிக்கு அதில் எவ்வளவு மிஞ்சும், அப்லோட் எவ்வளவு என்று கேட்பதுதான் முக்கியம் என்பேன்.

தோட்டத்துக்கு இறைத்துப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். வாய்க்காலின் அகலம்தான் பேண்ட்வித். இரண்டு பாத்தியை ஒன்றாகத் திறந்தால் இரண்டுக்கும் பாதிப் பாதிதான். திறந்த தண்ணீர் கடைசிப் பாத்திக்கு வந்து சேர எடுக்கும் நேரம் வேறு, அது லேட்டன்சி.

4ஜியில் வாய்க்கால் ஊருக்கே பொது. டவரின் ஒரு பக்கத்தில் இருக்கிற போன்களும் ரவுட்டர்களும் ஒரே அலைவரிசையைப் பங்குபோடுகின்றன. யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் தேரன்று கோயில் வீதியில் சிக்னல் கோடு முழுதாக நிற்கும், ஆனால் ஒரு படம் போகாது. கோடு காட்டுவது அலையின் பலத்தை, எங்கள் பங்கை அல்ல.

ஃபைபரிலும் பங்கு உண்டு. ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், பரவலாக உள்ள ஜிபொன் முறையில் அந்த இழையின் 2.5 ஜிபிபிஎஸ்ஸை (2500 எம்பிபிஎஸ்) 32 அல்லது 64 வீடுகள் பகிரலாம். 32 வீடும் ஒரே நேரத்தில் முழுதாக இழுத்தாலும் ஆளுக்கு 75 எம்பிபிஎஸ் அளவில் வரும். அப்படி எல்லோரும் ஒன்றாக இழுப்பது அபூர்வம்.

அப்புறம் அப்லோட். டொரன்டோவில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகம் எங்களுக்குத் தெரிவது டவுன்லோடால். அம்மம்மாவின் முகம் அங்கே தெரிவது எங்கள் அப்லோடால். வீடியோ கோலுக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ் போதும், ஆனால் அது அறாமல் வரவேண்டும். 4ஜி ரவுட்டர் குறைந்த சக்தியில்தான் டவருக்கு அனுப்புகிறது. டவர் தூரமென்றால் முதலில் தளர்வது அப்லோட்தான். பழைய டெலிபோன் கொப்பர் வயரில் வரும் ஏடிஎஸ்எல்லில் அப்லோட் ஒரு எம்பிபிஎஸ் அளவுதான், அதை விட்டுவிடலாம்.

ஒழுங்கைக்குள் ஃபைபர் வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை வாடகைக்கு எடுத்திருக்கும் கம்பஸ் பிள்ளைகளுக்கு, தூக்கிக்கொண்டு போகக்கூடிய 4ஜி சரி. ஃபைபர் எட்டாத தீவுப்பகுதிக்கு, 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த செய்மதி இணையம் ஸ்டார்லிங்க் இருக்கிறது. செய்மதிகள் சுமார் 500 கிலோமீற்றர் உயரத்தில்தான் சுற்றுவதால் தாமதம் குறைவு, காசு கூட. பனை மறைக்காத வானமும் வேண்டும்.

100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும், எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால். காசு கட்டுமுன் பக்கத்து வீட்டில் இரவு எட்டு மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் போட்டு, டவுன்லோட், அப்லோட் இரண்டு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.