புவியியல் துணைப்பாடம்: வீட்டு மேசையா, திரையா, நடையா?

தொடக்கநிலை 5, 6 பிள்ளைகளுக்கு நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் புவியியல் என்று தனிப் பாடம் கிடையாது. சோஷியல் ஸ்டடீஸுக்குள் கொஞ்சம் வரும். தொடக்கநிலை இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் அதற்குத் தாள் இல்லை என்பதால் வீட்டிலும் யாரும் அதைப் பெரிதாகக் கேட்பதில்லை. உயர்நிலை 1இல் புவியியல் தனிப் பாடமாகும்போது ஸ்கேல் (வரைபடத் தூரத்துக்கும் நிலத்தின் தூரத்துக்கும் உள்ள விகிதம்), திசை, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு, மழை வரைபடம் எல்லாம் அடுத்தடுத்து வந்து குவிகின்றன. முன்கூட்டியே ஆசிரியரை அமர்த்த நினைக்கும் பெற்றோர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: வீட்டுக்கு வந்து ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பவர், இணையவழி ஆசிரியர், சிறு குழுவை வெளியே அழைத்துப்போகும் ஆசிரியர்.

எங்கள் பரிந்துரை இது: முதல் எட்டு வாரம் வீட்டு மேசை. அதன்பின் மூன்று நான்கு பேர் சேர்ந்த நடைக்குழு. திரையை ஒன்றிரண்டு வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தையோ ஆசிரியரின் பட்டத்தையோ பார்த்து இந்த வரிசையைப் போடவில்லை. இந்த வயதுப் பிள்ளைக்குத் தன் கையால் அளந்ததும் வரைந்ததும்தான் தங்கும். எந்த வழியில் பிள்ளையின் கைக்கு அதிக வேலை கிடைக்கிறது என்பதே எங்கள் அளவுகோல்.

வீட்டு மேசை

தனி ஆசிரியரின் பெரிய பலம், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை அங்கேயே பிடித்துவிடலாம். வரைபட வேலையில் தடுமாற்றம் பெரும்பாலும் விடையில் தெரியாது, கையில்தான் தெரியும். கோணமானியில் இருக்கும் இரண்டு எண் வரிசைகளில் தவறானதைப் படிப்பது, ரூலரின் 0 கோட்டை விட்டுவிட்டு விளிம்பிலிருந்து அளப்பது, ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்குத் திசை கேட்டால் ‘ஆ’வில் கோணமானியை வைப்பது ஆகியவற்றைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மட்டுமே பார்க்க முடியும்.

மேசைக்கு வேண்டியவை அதிகமில்லை: 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டை, ஒரு மீட்டர் நூல், 360 பாகை வட்டக் கோணமானி, மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரியும் ரூலர், ஓர் அட்லஸ். அந்த உருண்டையில் 1 செ.மீ. என்பது ஏறத்தாழ 425 கி.மீ. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு நூல் பிடித்தால் 7 செ.மீ.க்குச் சற்றுக் குறையும். அதாவது சுமார் 2,900 கி.மீ. லண்டனுக்கு 25 செ.மீ.க்கு மேல் வரும். நம் தீவின் கிழக்கு மேற்கு நீளம் ஏறத்தாழ 50 கி.மீ.; உருண்டையில் அது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இந்த மூன்று அளவையும் பிள்ளையே எடுத்த பிறகு ஸ்கேல் என்றால் என்ன என்று தனியாக விளக்கத் தேவையிருக்காது.

கணிதத்தில் விகிதம் படிக்காத பிள்ளையிடம் 1:50,000 என்று ஆரம்பிக்காதீர்கள். ‘2 செ.மீ. போனால் 1 கி.மீ.’ என்று வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். இன்னொரு சிக்கல் நகல் எடுப்பதில் வருகிறது. ஏ3 வரைபடத்தை ஏ4 தாளுக்குச் சுருக்கி நகல் எடுத்தால் 2 செ.மீ. கோடு 1.4 செ.மீ. ஆகிவிடும். தாளில் அச்சாகியிருக்கும் 1:50,000 அப்போதே பொய்யாகிவிடுகிறது. கோடாக வரைந்த ஸ்கேல் மட்டும் படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் சரியாக இருக்கும். பயிற்சித்தாள் கட்டுக்கட்டாகக் கொண்டுவரும் ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

சம உயரக் கோட்டுக்கு ஒரு பெரிய உருளைக்கிழங்கு போதும். நீளவாக்கில் பாதியாக வெட்டி, தட்டையான பக்கத்தைக் கீழே வைத்து, மேலிருந்து இரண்டு சாத்தே குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி எடுத்துவிடுங்கள். பிறகு கிடைமட்டமாக 1 செ.மீ. தடிமனில் வில்லை போடுங்கள். அடி வில்லையைத் தாளில் வைத்து ஓரத்தையும் இரண்டு துளைகளையும் குறித்துக்கொண்டு, அதே துளைகள் பொருந்தும்படி அடுத்த வில்லையை வைத்து வரைய வேண்டும். துளை போடாமல் செய்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, சொல்ல வந்ததற்கு நேர்மாறான படம் கிடைக்கும். சரியாக வந்தால், சரிவு செங்குத்தாக இருந்த பக்கம் கோடுகள் நெருங்கியிருப்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

தமிழில் விளக்கும் ஆசிரியர் கிடைத்தால் நல்லது. காரண காரியம் சீக்கிரம் புரியும். ஆனால் பள்ளியில் எழுதுவது ஆங்கிலத்தில். ஆகவே அட்சரேகை என்று பேசினாலும் நோட்டில் லாட்டிட்யூட் என்ற ஆங்கிலச் சொல்லையும் எழுதவைப்பவராக அவர் இருக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. எட்டு வாரத்துக்கு மேல் தனி வகுப்பு நீண்டால், பிள்ளை யோசிப்பதற்குள் ஆசிரியர் விரல் வைத்துக் காட்டிவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. அதோடு, நாடு–தலைநகர் மனப்பாடமும் மெல்ல நுழைந்துவிடும்.

திரை

இணையவழியில் போக்குவரத்து நேரம் மிச்சம், ஆசிரியர் தேர்வும் விரிவு. ஆனால் வரைபடம் கற்பதற்கு இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. விரலால் பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்கேல் மாறுகிறது. பிள்ளைக்கு அது தெரிவதில்லை. பூன் லே எம்ஆர்டியிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் ஒரு விரல் தூரம், ஜொகூர் பாருவும் ஒரு விரல் தூரம் என்றே மனத்தில் பதிகிறது. தட்டையான இணைய வரைபடங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தெரிவதும் அப்படித்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. உலக உருண்டையைப் பார்க்காமல் திரையில் மட்டும் படித்த பிள்ளை இதை நம்ப மறுக்கும்.

திரையால் மட்டுமே முடிகிற வேலைகளும் இருக்கின்றன. கூகல் எர்த்தில் 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை ஓடவிடலாம். கடலைத் தூர்த்து ஏழு தீவுகள் ஒன்றாகி ஜூரோங் தீவு உருவாவது கண்முன்னே நடக்கும். துவாஸையும் புலாவ் தெக்கோங்கையும் அதேபோல் பார்க்கலாம். 1960களில் சுமார் 580 சதுர கி.மீ. இருந்த நாடு இன்று 730 சதுர கி.மீ.யைத் தாண்டியது எப்படி என்று இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் காட்டாது. நம் தெருக்களுக்குச் சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணைய வரைபடமான ஒன்மேப் இலவசமாகவே கிடைக்கிறது.

இணைய ஆசிரியரை அமர்த்தினால் ஒரு நிபந்தனை வையுங்கள்: திரையைப் பகிர்வது பிள்ளையாக இருக்க வேண்டும். ஆசிரியர் பகிர்ந்தால் அது படம் பார்ப்பது போல் ஆகிவிடும். இன்னொரு கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து, நோட்டும் பிள்ளையின் கையும் ஆசிரியருக்குத் தெரியும்படி வையுங்கள். ஒரு வகுப்புக்கு 40 நிமிடம் போதும்.

நடை

செலவைத் தலைக்குப் பிரித்தால் குழு மலிவு என்பார்கள். அது உண்மைதான், ஆனால் எங்களுக்கு முக்கியக் காரணம் வேறு. நான்கு பிள்ளைகள் ஒரே இடத்தில் நின்று நான்கு விதமாக வடக்கைக் காட்டினால் வாக்குவாதம் தொடங்கும். தீர்த்துக்கொள்ள அவர்களே அளந்தாக வேண்டும். நால்வருக்கு மேல் வேண்டாம். தொடக்கநிலை 4ஐயும் 6ஐயும் கலக்கவும் வேண்டாம், ஸ்கேலில் ஒரு பக்கம் சலித்துப்போகும், மறுபக்கம் திணறும்.

முதல் நடை உங்கள் புளோக்கைச் சுற்றியே இருக்கட்டும். 1:500 ஸ்கேலில் ஏ4 தாள் ஏறத்தாழ 100 மீட்டருக்கு 150 மீட்டர் இடத்தைக் கொள்ளும். ஒரு புளோக்கும் அதன் கார் நிறுத்துமிடமும் அடங்கிவிடும். முதலில் அளவுநாடாவில் 10 மீட்டர் குறித்து, அதை எத்தனை தப்படியில் நடக்கிறோம் என்று ஒவ்வொருவரும் மூன்று முறை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். அடுத்தவரின் எண்ணிக்கையைக் கடன் வாங்கினால் படம் கோணலாகும். கைப்பேசித் திசைகாட்டியைத் தூண், கம்பித் தடுப்பு, லிஃப்ட் கதவு அருகே நம்பாதீர்கள். இரும்பு அதைத் திருப்பிவிடும். ஒருவர் வரைய மூவர் வேடிக்கை பார்ப்பதுதான் குழுவின் வழக்கமான கோளாறு. ஆளுக்கொரு பலகை, ஆளுக்கொரு தாள் கொடுத்தால் அது இருக்காது.

இரண்டாவது நடைக்குத் தெலுக் ஆயர் ஸ்திரீட். மலாயில் தெலுக் என்றால் விரிகுடா. தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் அங்கே நாகூர் தர்காவைக் கட்டியபோது, அந்தத் தெரு கடற்கரையோரம் இருந்தது. பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி, கடல் எங்கே என்று கேளுங்கள். பிறகு மரினா பே தண்ணீர் வரை தப்படி எண்ணி நடந்து, வீட்டில் ஒன்மேப்பில் சரிபார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருப்பதும் இப்போது கடலில்லை. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் அது நீர்த்தேக்கம். அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டர், நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. காலை 9 மணிக்குள் தொடங்கி 90 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். இடி கேட்டால் மிச்சத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

எப்போது எதை

தொடக்கநிலை 5இன் தொடக்கத்தில் மேசை, மார்ச் விடுமுறையிலிருந்து மாதம் ஒரு நடை, இடையில் தேவைப்படும்போது திரை. ஜூன் விடுமுறையில் ஒரு நாள் மட்டும் மதியம் வெளியே போக வேண்டும். 30 செ.மீ. குச்சி ஒன்றைத் திறந்த வெளியில் செங்குத்தாக நிறுத்தி, 12.45 முதல் 1.25 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறியுங்கள். நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கில்லை, 1.05 வாக்கில். நம் தீர்க்கரேகை கிழக்கு 104 பாகையை ஒட்டியிருக்க, கடிகாரம் 1982 முதல் 120 பாகைக்குரிய நேரத்தைக் காட்டுகிறது. ஜூன் 21ஐ ஒட்டி அந்த நிழல் சுமார் 12 செ.மீ. நீளத்தில் தெற்கே விழும். குளிர்நாடுகளில் அச்சான புத்தகங்கள் மதிய நிழல் வடக்கே விழும் என்று சொல்லும். நாம் பூமத்திய ரேகைக்கு வெகு அருகில் இருப்பதால் இங்கே அது ஆண்டுக்கு இருமுறை பக்கம் மாறுகிறது. ஆசிரியர் இதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம்.

தொடக்கநிலை 6இல் ஜூனுக்குப் பிறகு வகுப்பை நிறுத்திவிடலாம், பிஎஸ்எல்இக்கு நேரம் வேண்டும். தேர்வு முடிந்த டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். நடைக்கு அது காலமில்லை. மேகம் விலகிய ஒரு மதியம் பார்த்து, அதே இடத்தில் அதே குச்சியை நிறுத்துங்கள். டிசம்பர் 21ஐ ஒட்டி 1.03 வாக்கில் நிழல் சுமார் 14 செ.மீ. வடக்கே விழும். ஜூனில் குறித்த தாளைப் பக்கத்தில் வைத்து, ஏன் என்று பிள்ளையே உலக உருண்டையைச் சாய்த்துக் காட்டட்டும்.