கார் ஷெட் ஷட்டர் மாத்தப் போறீங்களா, கொட்டேஷனை நல்லா பாருங்க
பழைய ஷட்டர் அடியில துரு புடிச்சு ஓட்டையாயிடுச்சு, எங்க ஏரியா ஃபேப்ரிகேஷன் கடையிலதான் மாத்தினோம், வேலை சுத்தம், சொன்ன தேதிக்கு வரலங்கறதால 4 ஸ்டார். ரொம்ப புடிச்சது கொட்டேஷனை பிரிச்சு பிரிச்சு எழுதிக் குடுத்தது. ரேட் சதுர அடிக்குத்தான், ஆனா மேல சுருள்ற பகுதியையும் சேர்த்து அளப்பாங்க, 10 அடி அகலம், 8 அடி உயர வாசல்னா 80 இல்ல, ஒன்றரை அடி உயரம் கூட்டினா 95 சதுர அடி ஆயிடும், இதை முதல்லயே சொல்லிட்டாங்க. தகடு கனத்தை கேஜ்னு சொல்வாங்க, நம்பர் குறைஞ்சா கனம் கூடும், அதனால 20 கேஜை விட 18 கேஜ் தகடு கனம், விலையும் கூட. கழட்டுற கூலி, கைடு சேனல் (ஷட்டர் ஏறி இறங்குற ரெண்டு பக்க தடம்), ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியா கேளுங்க, பழைய இரும்பை எடை போட்டு கழிக்கச் சொல்லுங்க. மோட்டார் போடுறவங்க கரண்ட் இல்லாதப்போ தூக்க செயின் இருக்கான்னு கட்டாயம் பாருங்க.