நுரையீரல் எஸ்பி-சி ஆன்டிபாடி வாங்கப்போறவங்க கவனம், 46,800 ரூபாய் போச்சு

நேத்து ராத்திரி வெஸ்டர்ன் ப்ளாட் (புரதங்கள எடை வாரியா பிரிச்சு, நமக்கு வேண்டியத ஆன்டிபாடியால பட்டையா, அதாவது பேண்டா காட்டற சோதனை) ரிசல்ட் பாத்ததுல இருந்து வயிறு எரியுது. சர்ஃபாக்டன்ட் (நுரையீரல் காத்துப்பை சுருங்கி ஒட்டிக்காம காக்கற படலம்) புரதத்துல வேலை பண்ற ஸ்காலர்ஸ் யாரும் இப்படி ஏமாறக்கூடாதுன்னுதான் இந்த பதிவு.

எங்களுக்கு வேண்டியது மெச்சூர் எஸ்பி-சி-யை, அதாவது சர்ஃபாக்டன்ட் புரதம் சி-யோட முழுசா தயாரான வடிவத்தை, காட்டற ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்த பிடிச்சு ஒட்டிக்கற பொருள்). இந்த புரதம் மொதல்ல 21 கிலோடால்டன் (புரத எடை அளவு) புரோ எஸ்பி-சி-யா உருவாகி, நுரையீரல் காத்துப்பையோட டைப் 2 செல்லுக்குள்ளயே ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டு கடைசில வெறும் 35 அமினோ அமிலம்தான் மிஞ்சும், அதுவும் தண்ணியோட ஒட்டவே ஒட்டாத ரகம், அதனால அதுக்கு நல்ல ஆன்டிபாடி கிடைக்கறதே கஷ்டம், மார்க்கெட்ல இருக்கறதுல முக்காவாசி புரோ வடிவத்தைத்தான் பிடிக்கும். குறைமாத குழந்தைங்களுக்கு குடுக்கற மாடு, பன்றி சர்ஃபாக்டன்ட் மருந்துல கூட இந்த மெச்சூர் எஸ்பி-சி இருக்கு, அவ்ளோ முக்கியமான புரதம்.

இதையெல்லாம் லேபுக்கு வந்த டீலர் ரெப் கிட்ட தெளிவா சொன்னேன். "மேடம், இது மெச்சூருக்கேதான், மவுஸ்லயும் வேலை செய்யும், எங்க கஸ்டமர்ஸ் திரும்பத் திரும்ப வாங்கறாங்க"ன்னு டேப்லட்ல ஒரு டேட்டாஷீட்ட திறந்து, அழகா ஒத்த பேண்டு விழுந்த படத்த விரலால பெருசாக்கி காட்டினார். அத நம்பித்தான் கைடு கையெழுத்து போட்டாங்க. 100 மைக்ரோலிட்டர், 46,800 ரூபாய், முழு பணமும் அட்வான்ஸ்.

பெட்டி வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். தெர்மகோல திறந்தா ஜெல் பேக் வெதுவெதுன்னு தண்ணியா கிடக்கு. உள்ள இருந்த டேட்டாஷீட்டோ வேற! இம்யூனோஜென் (எந்த துண்ட வச்சு ஆன்டிபாடிய உருவாக்கினாங்களோ அது) புரோ எஸ்பி-சி-யோட என்-டெர்மினல் (முன் முனை) துண்டாம். அந்த துண்டுதான் வெட்டுப்பட்டு போயிடுதே, அப்புறம் மெச்சூர் எப்படி தெரியும்? வயல் (ஆன்டிபாடி இருந்த குப்பி) மேல இருக்கற லாட் (தயாரிப்பு தொகுதி) நம்பரும் பேப்பர்ல இருக்கற லாட் நம்பரும் கூட ஒத்துப்போகல. உடனே போன் பண்ணேன், "பிரிண்டிங் மிஸ்டேக் மேடம், ஓட்டிப் பாருங்க, கண்டிப்பா வரும்"னார். ஓட்டினோம். புரோ வடிவம் தெரியவேண்டிய 21 கிலோடால்டன்லயும் பேண்டு இல்ல, மெச்சூர் தெரியவேண்டிய 4 கிட்டயும் இல்ல, 55 கிட்ட மட்டும் தடியா ஒண்ணு, கன்ட்ரோலுக்கு போட்ட ஈரல்லயும் அதே பேண்டு!! எஸ்பி-சி ஈரல்ல எங்க இருந்து வரும்? செகண்டரி (மொதல் ஆன்டிபாடிய காட்டிக்குடுக்கற ரெண்டாவது ஆன்டிபாடி) மட்டும் போட்டும் பாத்தாச்சு, அது சுத்தமா இருக்கு.

காலைல கூப்பிட்டா மொதல்ல "பிளாக்கிங் மாத்துங்க" (ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம தடுக்கற படி அது), அப்புறம் "உங்க சாம்பிள் சரியில்ல", அப்புறம் "டெக்னிக்கல் டீமுக்கு டிக்கெட் போட்டிருக்கோம்", கடைசில "வயல் திறந்தாச்சு மேடம், ரிட்டர்ன் கிடையாது, அடுத்த ஆர்டர்ல டிஸ்கவுண்ட் தரோம்". ஓட்டிப் பாருங்கன்னு திறக்க வச்சதே இவங்கதான்! 46,800 ரூபாய் எங்க கன்டிஞ்சென்சில (ஆராய்ச்சி செலவுக்கு வர்ற நிதி) பெரும்பங்கு, இனி இந்த வருஷம் வேற ஆன்டிபாடி வாங்க வழியே இல்ல.

அவசரமா சில விஷயம் மட்டும். இம்யூனோஜென் எந்த பகுதின்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க. நுரையீரலும் ஈரலும் பக்கத்துல பக்கத்துல ஓட்டின ப்ளாட் கேளுங்க, அதுவும் நமக்கு வர்ற லாட்டோடது. ஜெல் பேக் உருகியிருந்தா கூரியர்காரர் நிக்கும்போதே போட்டோ எடுத்துடுங்க. முழு அட்வான்ஸ் குடுக்கவே குடுக்காதீங்க. இதே மாதிரி டீலர்கிட்ட பணம் திரும்ப வாங்கினவங்க யாராவது இருந்தா எப்படி வாங்கினீங்கன்னு சொல்லுங்க, பர்ச்சேஸ் செக்ஷன்ல லெட்டர் கேக்கறாங்க.