முதல் சிறார் புத்தகம்: கிண்டிலா, பிஓடியா, ஸ்டோரிவீவரா, சிவகாசியா?

நாலிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதை எழுதியாயிற்று, பதிப்பாளருக்காகக் காத்திருக்காமல் நாமே கொண்டுவந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்குத் தமிழில் முக்கியமாக நாலு வழி இருக்கிறது. ஒரே சிக்கல், சுயபதிப்பு பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் நாவல் எழுதுகிறவர்களுக்கானது. படக்கதையில் செலவு முழுக்கப் படத்தில்தான், அதனால் கணக்கே மாறிவிடும்.

அமேசானின் மின்புத்தக வழியான கிண்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 70 சதவீத ராயல்டி என்றதும் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் அமேசான் இந்தியாவில் அந்தத் திட்டத்தில் புத்தகக் கோப்பின் ஒவ்வொரு எம்பிக்கும் 7 ரூபாய் டெலிவரி செலவு பிடிப்பார்கள். நாவல் பெரும்பாலும் சில எம்பிக்குள் அடங்கிவிடும், படக்கதை சுலபமாகப் பத்து எம்பி வந்துவிடும். விலை 100 ரூபாய் என்றால் டெலிவரிக்கு 70 போய், மிச்சம் 30-இல் 70 சதவீதம், அதாவது 21 ரூபாய் (வரியை விட்டுவிட்டுச் சொல்கிறேன்). டெலிவரி செலவே இல்லாத 35 சதவீதத் திட்டத்தில் 35 ரூபாய்! படங்களைச் சுருக்கினால் இது கொஞ்சம் சரியாகும், ஆனாலும் வாங்கியவர் அதைப் பிள்ளைக்குத் தன் போனில்தான் காட்டப்போகிறார், அதில் அடுத்த நொடியே யூடியூப் இருக்கிறது.

பிஓடி, அதாவது ஆர்டர் வந்தால் மட்டும் அச்சடிப்பது, கையில் காசு இல்லாதவருக்கு வரம் என்பார்கள். கறுப்பு வெள்ளைக்கு அது உண்மை. முழு வண்ணத்தில் 24 பக்கம் அடித்தால் விலை எகிறிவிடும். பக்கத்திலேயே என்பிடியின் (நேஷனல் புக் டிரஸ்ட்) படப்புத்தகங்களும் பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன் வெளியீடுகளும் மலிவாக இருக்கும்போது, பெயர் தெரியாத நம் புத்தகத்தை அந்த விலைக்கு யார் எடுப்பார்கள்?

ஸ்டோரிவீவர் கதை வேறு. சிறார் கதைகளை இலவசமாக வாசிக்கவும் வெளியிடவும் 2015-இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய இணையதளம், அதில் பைசா வராது. ஆனால் அங்கே இருக்கும் ஆயிரக்கணக்கான ஓவியங்களை எடுத்து நம் கதைக்குப் போட்டுக்கொள்ளலாம், ஓவியர் கூலி மிச்சம். பெரும்பாலும் சிசி பை 4.0 (பெயர் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம் என்ற திறந்த உரிமம்) என்பதால் உரிய பெயர்களைப் போட்டால் அச்சடித்து விற்கக்கூடச் செய்யலாம். அதே உரிமத்தில்தான் நம் கதையும் போகும், யாரோ ஒருவர் கன்னடத்தில் மொழிபெயர்த்து விற்றாலும் நம் பெயர் இருக்கும்வரை கேள்வி கேட்க முடியாது. அதே யானைப் படம் இன்னொருவர் கதையிலும் நிற்கும். எனக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை, சிலருக்கு ஒத்துவராது.

சிவகாசியில் ஆஃப்செட், அதாவது பிளேட் செய்து மொத்தமாக அச்சடிப்பது, என்றால் கையிலிருந்து மொத்தமாகப் பணம் போகும். பிளேட் செலவு 300 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒன்றுதான் என்பதால் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் விலை இறங்கும், "சார், ஆயிரமாவே போட்டுடுங்களேன்" என்று அச்சகத்தில் ஆசை காட்டுவார்கள். மயங்க வேண்டாம். கடைகளுக்கு 30, 40 சதவீதம் கழிவு கொடுத்து, கண்காட்சியில் வாசகருக்கு 10 சதவீதம் தள்ளியும் கையைக் கடிக்காத விலை வருகிறதா என்று பார்த்துவிட்டு, விற்க முடிகிற அளவுக்கு மட்டும் போடுங்கள். நடுவில் ஸ்டேப்ளர் பின் போட்ட 16 அல்லது 24 பக்கப் புத்தகம் போதும்.

என் தீர்ப்பு: முதலில் ஸ்டோரிவீவர், அப்புறம் சிவகாசி. காரணம் வாசகர்கள்தான். இலவசமாக இருக்கும்போது ஒரு டீச்சரிடமோ நூலகரிடமோ "சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டட்டுமா" என்று கூச்சமில்லாமல் கேட்கலாம். வாசிக்கும்போது கவனியுங்கள்: நாம் முடிப்பதற்குள் ஒரு கை வந்து பக்கத்தைத் திருப்பினால் அந்தப் பக்கத்தின் கடைசி இரண்டு வரி அதிகம். அச்சுக்குப் போகும்முன் அதை வெட்டிவிடலாம், அடித்தபின் முடியாது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் இருக்கும் வாட்ஸப் குழுதான் பிறகு முதல் நூறு பிரதியை வாங்கப்போகிறது. ஜனவரியில் சென்னை நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குத் தெரிந்த பதிப்பகத்தின் ஸ்டாலில் கொஞ்சம் வைக்கச் சொல்லலாம், ஆனால் அதை மட்டும் நம்பி அடிக்காதீர்கள்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி இலவசமாகவே தருகிறது, எழுத்தாளர் நேரடியாக விண்ணப்பிக்கலாம். புத்தகத்தைத் தபாலில் அனுப்புவதென்றால், மலிவான பதிவுப் புத்தகத் தபாலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக 2025 மே முதல் ஞான் போஸ்ட் வந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. நம் மெல்லிய புத்தகம் இரண்டு மூன்று அதற்குள் அடங்கும்.